ஏற்காடு ஏறும் வண்டிக்குள் ஆயில் போகும் வழி

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டிய உயரத்திலும் இருப்பதால், மலையேறும் ஒவ்வொரு வண்டியும் தன்னையும் தன் சுமையையும் சுமார் 1,200 மீட்டர் மேலே தூக்கிக்கொண்டு போயாக வேண்டும். ஆட்களோடு சேர்த்து 12 டன் எடையுள்ள ஒரு பேருந்துக்கு இந்தத் தூக்கும் வேலைக்கு மட்டுமே சுமார் 140 மெகாஜூல் ஆற்றல் தேவைப்படுகிறது. ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 36 மெகாஜூல் அடங்கியிருக்கிறது; அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் என்ஜின் பயனுள்ள வேலையாக மாற்றும் என்று கொண்டால், சாலையின் உராய்வையும் வளைவுகளில் பிரேக் பிடித்து இழப்பதையும் கணக்கில் சேர்க்காமலேயே சுமார் 12 லிட்டர் டீசல் எரிகிறது. மீதமுள்ள இரண்டு பங்கு, அதாவது 280 மெகாஜூல், வெறும் வெப்பமாகிறது. அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறிவிடும். எஞ்சியதில் ஒரு சிறு பகுதி ஆயிலின் பொறுப்பில் வருகிறது. சிறு பகுதிதான் என்றாலும், ரேடியேட்டர் தண்ணீர் எட்டவே முடியாத இடங்களின் வெப்பம் அது: பிஸ்டனின் அடிப்புறம், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட், இரண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு, சுழலும் தண்டுகளைத் தாங்கும் பேரிங்குகள், புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் தண்டு. இவற்றுக்கு ஆயிலை விட்டால் வேறு நாதி கிடையாது.

ஆயில் என்றால் வழுவழுப்பு, அது இருந்தால் தேய்மானம் இருக்காது என்ற அளவில்தான் வண்டி வைத்திருக்கும் பலருடைய புரிதல் நின்றுவிடுகிறது. இன்னும் கொஞ்சம் உள்ளே போனவர்கள், ஆயில் பம்ப் கொடுக்கும் அழுத்தம்தான் இரும்பும் இரும்பும் உரசாமல் தூக்கிப் பிடிக்கிறது என்று நினைக்கிறார்கள். இந்த இரண்டாவது எண்ணம் கேட்பதற்குச் சரியாகத் தோன்றினாலும் உண்மையில் தவறானது. நடைமுறையில் தவறான ஆயில் தேர்வுக்கும் தவறான ஓட்டுமுறைக்கும் அதுவே காரணமாகிறது. பம்பின் வேலை ஆயிலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான். உலோகங்களைப் பிரித்துவைப்பது சுழலும் தண்டின் வேலை. வெப்பத்தைச் சுமந்து வருவது ஓட்டத்தின் வேலை. டாஷ்போர்டில் இருக்கும் ஆயில் பிரஷர் மீட்டர் இந்த மூன்றில் முதலாவதைப் பற்றி மட்டுமே, அதுவும் அரைகுறையாகத்தான், பேசுகிறது.

ஆயில் போகும் பாதையைப் பார்ப்போம். என்ஜினின் அடியில் தட்டுப்போல மாட்டியிருக்கும் சம்ப்பை நம் பட்டறைகளில் ஆயில் சேம்பர் என்றே சொல்கிறார்கள். அதில் தேங்கியிருக்கும் ஆயிலுக்குள் கம்பி வலை போட்ட ஓர் உறிஞ்சு குழாய் மூழ்கியிருக்கும். அந்த வலை பெரிய துகள்களை மட்டுமே தடுக்கும். அங்கிருந்து ஆயிலை இழுக்கும் பம்ப், பெரும்பாலான லாரி என்ஜின்களில் இரண்டு பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று கோத்துச் சுழலும் வகையைச் சேர்ந்தது. கார்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் ஒரு வளையத்துக்குள் நட்சத்திர வடிவ ரோட்டார் சுழலும் வகை அதிகம். இரண்டுமே ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று அளந்து தள்ளுகிறவை. கிராங்க் வேகமாகச் சுற்றினால் கூடுதலாகத் தள்ளும், மெதுவாகச் சுற்றினால் குறைவாகத் தள்ளும், எதிரே வழி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காது. அதனால்தான் பம்பை ஒட்டி ஸ்பிரிங் வைத்த ஒரு ரிலீஃப் வால்வு இருக்கிறது. அழுத்தம் எல்லை மீறும்போது அது திறந்து, உபரி ஆயிலைத் திருப்பி விட்டுவிடும். அடுத்து ஃபில்ட்டர். ஃபில்ட்டரின் தாள் அடைத்துக்கொண்டாலோ, விடிகாலைக் குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ என்ஜின் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காக அதற்குள்ளோ அதன் இருக்கையிலோ ஒரு பைபாஸ் வால்வு வைத்திருப்பார்கள். வடிகட்டாத ஆயில் போனாலும் பரவாயில்லை, ஆயிலே போகாமல் இருக்கக் கூடாது என்பதே இதன் கணக்கு. ஃபில்ட்டரைக் காலம் கடந்தும் மாற்றாத வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அழுக்கான ஆயில் நேராகப் பேரிங்குகளுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

ஃபில்ட்டரைக் கடந்த ஆயில், என்ஜின் பிளாக்கின் நீளவாட்டில் துளைத்திருக்கும் மெயின் கேலரிக்குள் நுழைகிறது. அதிலிருந்து, கிராங்க் ஷாஃப்ட்டைப் பிளாக்கில் தாங்கும் ஒவ்வொரு மெயின் பேரிங்குக்கும் ஒரு கிளைத்துளை பிரியும். மெயின் பேரிங்கின் உட்புறத்தில் வெட்டியிருக்கும் வரிப்பள்ளம் வழியாகச் சுற்றிவரும் ஆயில், கிராங்க் ஷாஃப்ட்டுக்குள்ளேயே சாய்வாகத் துளைத்திருக்கும் ஓட்டை வழியாக, கனெக்டிங் ராடு கிராங்க்கைப் பற்றும் இடத்தில் இருக்கும் பிக் எண்ட் பேரிங்கை அடைகிறது. சுழன்றுகொண்டே இருக்கும் ஒரு தண்டுக்குள் ஆயில் பயணம் செய்வதுதான் இந்த ஏற்பாட்டின் மிகச் சிக்கலான பகுதி. மற்றொரு கிளை மேலே ஏறி, கேம் ஷாஃப்ட், ராக்கர், வால்வு தண்டுகள் ஆகியவற்றை நனைத்துவிட்டு, புஷ் ராடுகளின் துளை வழியாகவோ அதற்கென்று விட்டிருக்கும் வழிகளிலோ தன் எடையாலேயே கீழே வடிந்து சேம்பருக்குத் திரும்பும். போகும்போதுதான் அழுத்தம் உண்டு, திரும்பும்போது கிடையாது. நிமிடத்துக்குப் பல முறை சேம்பர் ஆயில் முழுவதும் இப்படிச் சுற்றி வந்துவிடும்.

இந்தச் சுற்றில் அழுத்தம் எங்கிருந்து வருகிறது? பம்ப் அழுத்தத்தைத் தயாரிப்பதில்லை. அது ஓட்டத்தைத்தான் தயாரிக்கிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயின் முனையை விரலால் பாதி மூடினால் குழாய் விறைக்கிறதே, அதுபோல, ஓடும் ஆயிலுக்குப் பேரிங் இடைவெளிகள் தரும் தடையால்தான் கேலரியில் அழுத்தம் ஏறுகிறது. வேகமாக ஓடும் என்ஜினில் அது 3 முதல் 5 பார் வரை இருக்கலாம் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). சூடான என்ஜின் ஐடிலில் நிற்கும்போது ஒரு பார் அளவுக்கு இறங்குவதும் இயல்பே. சிவப்பு ஆயில் விளக்கு எரிவதோ பொதுவாக 0.3 முதல் 0.5 பாருக்குக் கீழே அழுத்தம் விழுந்த பிறகுதான். மலையேற்றத்தில் முழுச் சுமையோடு ஓடும்போது அந்த விளக்கு கண் விழித்தால், அதற்கு வெகு முன்பே பேரிங்குகள் ஆயிலுக்கு ஏங்கத் தொடங்கியிருக்கும். வண்டியை உடனே ஓரங்கட்டி அணைப்பதைத் தவிர அப்போது செய்வதற்கு வேறொன்றும் இல்லை. அடுத்த வளைவில் இடம் பார்த்து நிறுத்தலாம் என்று நினைத்தவர்களுடைய கிராங்க்குகளைத்தான் லேத் பட்டறைக்காரர்கள் கிரைண்டிங் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இப்போது எதிர்ப்பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பார்ப்போம். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பிஸ்டனின் தலைமேல் டீசல் எரியும் கணத்தில் 120 பார் அழுத்தம் உண்டாவதாகக் கொள்வோம். பிஸ்டனின் பரப்பைக் கொண்டு பெருக்கினால், கனெக்டிங் ராடு வழியாகக் கீழே இறங்கும் விசை ஒன்பது டன்னைத் தாண்டுகிறது. பிக் எண்ட் பேரிங் 60 மில்லிமீட்டர் விட்டமும் 28 மில்லிமீட்டர் அகலமும் உள்ளது என்றால், அந்த ஒன்பது டன்னும் ஒரு தீப்பெட்டியின் மேல்பக்கத்தைப் போன்ற பரப்பில் விழுகிறது. சராசரியாக 500 பாருக்கும் மேல். பம்ப் கொடுப்பது நான்கு பார். நான்கை வைத்து ஐந்நூறைத் தாங்க முடியாது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியிருந்தும் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடும் என்ஜினில், நிமிடத்துக்கு ஆயிரம் முறை இந்த அடி ஒவ்வொரு பேரிங்கிலும் விழுகிறது, உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை.

இந்தப் புதிரை முதலில் எதிர்கொண்டவர் இங்கிலாந்தில் 1883-இல் ரயில் அச்சுப் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்த பொறியாளர் பீச்சம் டவர். பேரிங்கின் மேற்புறத்தில் ஆயில் விடுவதற்காக அவர் ஒரு துளை போட்டிருந்தார். அச்சு சுழலத் தொடங்கியதும் ஆயில் உள்ளே போவதற்குப் பதிலாக அந்தத் துளை வழியே மேலே பொங்கி வந்தது. துளையை அவர் ஆப்பு வைத்து அடைத்தார்; ஆப்பையும் தள்ளிக்கொண்டு ஆயில் வந்தது. பிறகு அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு வரை காட்டக்கூடிய அந்தக் கருவி தன் எல்லையைத் தாண்டியது. பேரிங்கின் மேல் அவர் ஏற்றியிருந்த சராசரிச் சுமையைவிட அது இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்தை எந்தப் பம்பும் கொடுக்கவில்லை. 1886-இல் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் இதற்கான கணித விளக்கத்தை வெளியிட்டார். தண்டு பேரிங்கின் சரிநடுவில் நிற்காமல் சுமையால் ஒரு பக்கம் சற்று ஒதுங்கி நிற்கும்போது, அகன்று தொடங்கிக் குறுகி முடியும் ஓர் ஆப்பு வடிவ இடைவெளி உருவாகிறது. சுழலும் தண்டு தன்னோடு ஒட்டியிருக்கும் ஆயிலை அந்தக் குறுகலுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. பிசுபிசுப்புள்ள திரவம் அவ்வளவு எளிதில் பக்கவாட்டில் தப்பிவிட முடியாததால் அங்கே அழுத்தம் நூற்றுக்கணக்கான பாருக்கு ஏறி, தண்டையே தூக்கி நிறுத்துகிறது. இன்றைய பேரிங் வடிவமைப்பு அனைத்தும் அந்தச் சமன்பாட்டின்மேல்தான் நிற்கிறது.

இந்த ஆயில் படலத்தின் கனம் மிகக் குறுகிய இடத்தில் ஒன்றிரண்டு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு, அளவுக்கு வந்துவிடும். தலைமுடி ஒன்றின் கனம் பொதுவாக ஐம்பது மைக்ரானுக்குக் குறையாது. படலம் நிலைக்க மூன்று விஷயங்கள் ஒத்துழைக்க வேண்டும்: தண்டின் வேகம், ஆயிலின் பிசுபிசுப்பு, மேலே விழும் சுமை. வேகமும் பிசுபிசுப்பும் கூடினால் படலம் தடிக்கும், சுமை கூடினால் மெலியும். 60 மில்லிமீட்டர் தண்டு 2,000 சுற்றில் ஓடும்போது அதன் மேற்பரப்பு நொடிக்கு ஆறு மீட்டருக்கும் சற்று அதிகமான வேகத்தில் நகர்கிறது. அதே என்ஜின் 1,000 சுற்றுக்கு இறங்கினால் வேகம் பாதியாகிவிடும், ஆனால் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்திருந்தால் பிஸ்டனின் மேல் விழும் அடி பாதியாகாது.

ஏற்காட்டுப் பாதைக்கு இது நேரடியாகப் பொருந்தும் இடம் வளைவின் வாய். மூன்றாவது கியரிலேயே வளைவுக்குள் நுழைந்துவிட்டு, என்ஜின் திணறித் திணறி, உடம்பெல்லாம் நடுங்கி ஏறுவதைப் பார்த்திருப்போம். கியரைக் குறைத்தால் என்ஜின் அலறும், அலறினால் தேயும், டீசலும் குடிக்கும் என்ற நம்பிக்கையில் பலர் இப்படி ஓட்டுகிறார்கள். என் கணிப்பில் பேரிங்குக்கு இதைவிடக் கெட்ட நேரம் சாதாரண ஓட்டத்தில் வேறில்லை. வேகம் குறைவு, சுமை உச்சம், ஏற்றத்தின் சூட்டில் ஆயிலும் இளகியிருக்கிறது. மூன்று விஷயங்களும் ஒரே சமயத்தில் எதிராகத் திரும்புகின்றன. போதாததற்குப் பம்பும் அதே கிராங்கில் சுழல்வதால் வரும் ஆயிலின் அளவும் குறைகிறது. வளைவுக்கு முன்பே ஒரு கியர் குறைத்து என்ஜினைச் சுற்றவிட்டால், அதே ஏற்றத்தை ஒவ்வோர் அடியிலும் குறைந்த விசையில், தடித்த படலத்தின் மேல் ஏறலாம். சத்தம் கூடும் என்பது உண்மைதான்.

கழற்றிய பேரிங் ஷெல் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தால் இதெல்லாம் கண்ணுக்கே தெரியும். பாதி வளையமாக இருக்கும் அந்தத் தகட்டின் முதுகு எஃகு. அதன்மேல் செம்பு கலந்த உலோக அடுக்கு. அதற்கும் மேலே, இருபது மைக்ரான் அளவுக்கு மெல்லிய, மங்கிய சாம்பல் நிறப் பூச்சு. நல்ல நிலையில் இருக்கும் ஷெல்லின் முகம் முழுவதும் ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும். படலம் அடிக்கடி மெலிந்த என்ஜினில், சுமை விழும் மேல் ஷெல்லின் நடுப்பகுதியில் பூச்சு தேய்ந்து, நாணயம் அளவுக்குச் செம்பு நிறம் எட்டிப்பார்க்கும். வடிகட்டாத ஆயில் போயிருந்தால் சுற்றுவாட்டில் நகக்கீறல்போலக் கோடுகள் ஓடியிருக்கும். ஆயிலே வராமல் ஓடியிருந்தால் பூச்சு உருகி ஓரத்துக்கு இழுபட்டு, முகம் கருநீலமாகக் கன்றியிருக்கும். அனுபவமுள்ள மெக்கானிக் ஷெல்லைத் திருப்பிப் பார்த்துவிட்டு வண்டி ஓட்டியவரைப் பார்க்கும் பார்வைக்குக் காரணம் இந்தச் சாட்சிகள்தான்.

தேய்ந்த பேரிங்கில் இன்னொரு சிக்கல் உண்டு. புதிதாக இருக்கும்போது தண்டுக்கும் ஷெல்லுக்கும் இடையே விடும் இடைவெளி தண்டின் விட்டத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த இடைவெளியின் ஓரங்களில்தான் ஆயில் கசிந்து வெளியேறுகிறது. கசிவின் அளவு இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பப் பெருகும். இடைவெளி இரட்டித்தால் கசிவு எட்டு மடங்கு. பம்ப் தள்ளுவதெல்லாம் முன்னால் இருக்கும் தேய்ந்த பேரிங்குகளிலேயே கொட்டிப்போக, கேலரியில் அழுத்தம் விழுந்து, கடைசியில் இருக்கும் ராக்கருக்கும் கடைக்கோடிப் பேரிங்குக்கும் போய்ச் சேருவது சொற்பமாகிறது. ஐடிலில் மீட்டர் முள் படுத்துவிடுவதற்கும், ஹெட்டில் டிக்டிக்கென்று சத்தம் வருவதற்கும் காரணம் பெரும்பாலும் இதுவே. இதற்குப் பட்டறைகளில் கிடைக்கும் கைவைத்தியம் கெட்டியான ஆயிலை ஊற்றுவது. மீட்டர் முள் எழுந்து நிற்கும், வண்டிக்காரருக்கும் நிம்மதி. ஆனால் முள் எழுந்ததற்குக் காரணம் ஆயில் போக மறுப்பது. அதாவது தடை கூடி ஓட்டம் குறைந்திருக்கிறது. தேய்ந்த இடைவெளியில் கெட்டி ஆயில் படலத்துக்கு ஓரளவு உதவும் என்பதை மறுக்க முடியாது. என்றாலும், என்ஜின் வேலையைச் சில மாதங்கள் தள்ளிப்போடும் வழி என்ற அளவில்தான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது வெப்பத்துக்கு வரும்போதுதான் முழுமையாகப் புரியும். படலத்துக்குள் ஆயிலின் அடுக்குகள் ஒன்றையொன்று உரசி நகர்வதாலேயே வெப்பம் பிறக்கிறது. ஓரத்தில் கசியும் ஆயில் அந்தச் சூட்டையும் எடுத்துக்கொண்டு வெளியேற, புதிய ஆயில் அதன் இடத்துக்கு வருகிறது. கசிவு ஒரு குறைபாடு போலத் தோன்றினாலும் அது இல்லாத பேரிங் சில நிமிடங்களில் வெந்துபோகும். பிஸ்டனின் கதை இதைவிடக் கடுமையானது. சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பம் கண நேரத்துக்கு 2,000 டிகிரியைத் தாண்டுகிறது. அலுமினியக் கலவையாலான பிஸ்டனோ 300 டிகிரியைத் தாண்டினால் வலுவிழக்கத் தொடங்கிவிடும். ரிங்குகள் வழியாகச் சிலிண்டர் சுவருக்குப் போகும் வெப்பம் போதாது என்பதால், இன்றைய டர்போ டீசல் என்ஜின்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் அடியில் சிறு ஆயில் ஜெட் ஒன்று வைத்திருக்கிறார்கள். பிக் எண்ட்டுக்கும் மேலே, பிளாக்கில் பொருத்திய அந்த மூக்கிலிருந்து பீறிடும் ஆயில் பிஸ்டனின் அடிவயிற்றில் நேராக மோதும். சில பிஸ்டன்களின் தலைக்குள்ளேயே வட்டமாக ஒரு குகை வார்த்திருப்பார்கள். ஆயில் ஒரு துளை வழியாக அதற்குள் புகுந்து, பிஸ்டன் மேலும் கீழும் போவதில் குலுங்கிக் குலுங்கிச் சூட்டை வாங்கிக்கொண்டு மறு துளை வழியாக விழும்.

இந்த ஜெட்டுகளுக்கும் பல என்ஜின்களில் ஸ்பிரிங் வால்வு உண்டு. ஐடிலில் கிடைக்கும் கொஞ்ச ஆயிலை ஜெட்டுகள் பறித்துக்கொண்டால் பேரிங்குகள் காய்ந்துவிடும் என்பதால், கேலரி அழுத்தம் ஒன்றரை, இரண்டு பாரைத் தாண்டிய பிறகே அவை திறக்கும்படி அமைத்திருப்பார்கள். தேய்ந்த பம்ப், இளகிய ஆயில், குறைந்த சுற்று ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரு வண்டி கியர் மாற்றாமல் திணறி ஏறும்போது, பிஸ்டனுக்குக் குளிர்ச்சி மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் ஜெட் மூடிக்கொள்ளக்கூடும். அப்படி ஓடிய என்ஜினின் பிஸ்டனைக் கழற்றினால் தலையின் உட்புறத்தில் ஆயில் வெந்து கருகிய கருப்புப் படிவு தெரியும். வெளியே எந்த விளக்கும் எரிந்திருக்காது.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டிச் சுழல்கிறது. அதன் ஒரு முனையில் கொதிக்கும் புகை, மறு முனையில் வெளிக்காற்று, நடுவே ஆயிலில் மிதக்கும் இரண்டு சிறு பேரிங்குகள். ஏற்காடு ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தவுடன் சாவியைத் திருப்பினால் பம்ப் அந்த நொடியே நின்றுவிடும். டர்போ கூட்டின் சூடு நிற்காது. அசையாமல் தேங்கிய ஆயில் அங்கே கருகி, நாளடைவில் ஆயில் வரும் மெல்லிய குழாயையே அடைத்துவிடும். ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு அணைப்பது இதற்காகத்தான்.

ஆயிலின் எண்களைப் பற்றி நிறையக் குழப்பம் நிலவுகிறது. 15டபிள்யூ-40 என்று டப்பாவில் எழுதியிருப்பதில் டபிள்யூ ஒட்டிய முன் எண் குளிரில் என்ஜினைச் சுற்றவைக்கும் எளிமையைக் குறிக்கிறது. பின் எண் 100 டிகிரி சூட்டில் இருக்கும் பிசுபிசுப்பைக் குறிக்கிறது. இப்படிப்பட்ட ஓர் ஆயில் 40 டிகிரியில் சுமார் 110 சென்டிஸ்டோக்ஸ் (பிசுபிசுப்பை அளக்கும் அலகு) பிசுபிசுப்போடும் 100 டிகிரியில் 14 சென்டிஸ்டோக்ஸ் அளவிலும் இருக்கும், அதாவது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காக இளகிவிடும். சேலத்துச் சித்திரை வெயிலில் நிற்கும் வண்டியின் ஆயில் காலையிலேயே பாதி இளகித்தான் இருக்கிறது. உறைபனியே இல்லாத நம் ஊரில் முன் எண்ணைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை என்பது உண்மை. பின் எண் வேறு விஷயம். அது என்ஜினின் இடைவெளிகளை வைத்துத் தயாரிப்பாளர் முடிவுசெய்தது. மெல்லிய ஆயிலுக்காகக் குறுகலான இடைவெளிகளோடு செய்த புதிய கார் என்ஜினில், நம் வெயிலுக்குக் கெட்டிதான் சரி என்று 20டபிள்யூ-50 ஊற்றுவது, பழைய லாரியில் மெல்லிய ஆயில் ஊற்றுவதைப் போலவே தவறு.

படலம் எப்போதும் எல்லா இடத்திலும் நிலைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிஸ்டன் தன் ஓட்டத்தின் உச்சியில் ஒரு கணம் நின்று திரும்புகிறது. அங்கே வேகம் சுழி, அதனால் படலமும் அறுகிறது. சிலிண்டர் சுவரில் மேல் ரிங் திரும்பும் இடத்தில் விரல் நகம் தட்டுப்படும் அளவுக்குத் தேய்ந்த விளிம்பு உண்டாவது இதனால்தான். கேம் மூக்கிலும், காலையில் முதல் சில நொடிகளிலும் இதே நிலைதான். இந்த இடங்களில் காப்பாற்றுவது துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு வேதிச் சேர்மானம். சூட்டிலும் உரசலிலும் அது உலோகத்தின்மேல் கண்ணாடிபோல ஒரு பூச்சாகப் படிந்து, உலோகத்துக்குப் பதில் தான் தேய்கிறது. ஆயில் பழையதாவது என்பதில் ஒரு பாதி இந்தச் சேர்மானங்கள் தீர்ந்துபோவதுதான். டீசல் வண்டியின் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுப்பதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. கரித்துகளைத் தன்னுள் கலந்து மிதக்கவைத்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். வெளுத்த பால்போல மாறியிருந்தால்தான் தண்ணீர் கலந்துவிட்டது என்று பதற வேண்டும்.

வளைவுகளில் சேம்பர் ஆயில் எப்படி நடந்துகொள்கிறது என்பது கணக்கிட்டுப் பார்க்கச் சுவையானது. பத்து மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவை மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும் பேருந்தில், ஆயிலின் மேல்மட்டம் வெளிப்பக்கமாகச் சுமார் பத்து டிகிரி சாயும். சாலையின் ஏற்றத்தால் இன்னொரு ஐந்து டிகிரி பின்பக்கம் சாயும். அளவு சரியாக இருந்தால் உறிஞ்சு குழாய் மூழ்கியே இருக்கும். சேம்பருக்குள் இருக்கும் தடுப்புத் தகடுகளும் உதவும். கேஜ் குச்சியின் கீழ்க்கோட்டுக்கும் கீழே ஆயில் இறங்கியிருந்தால் குழாய் காற்றை உறிஞ்சும் வாய்ப்பு இங்கேதான் வருகிறது. மோட்டார் சைக்கிளுக்கு இந்தப் பக்கச் சாய்வுத் தொல்லை கிடையாது. வளைவில் வண்டியே சாய்வதால், சேம்பரைப் பொறுத்தவரை ஆயில் நேராகவே நிற்கும். அதன் சிக்கல் அளவில்தான். 100 சிசி வண்டியில் மொத்தமே ஒரு லிட்டர் அளவு ஆயில். தண்ணீர்க் குளிர்ச்சி இல்லாத அந்த என்ஜினில் கியருக்கும் கிளட்சுக்கும்கூட அதே ஒரு லிட்டர்தான். கால் லிட்டர் குறைந்தாலே சூட்டைச் சுமக்கக் கால் பங்கு ஆள் குறைந்த கணக்கு. அதற்காக மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கூடாது: கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரை படலமாக நிற்காது. அளவு பார்ப்பதையும் மலையில் சாய்வாக நிறுத்திய வண்டியில் செய்யாமல் அடிவாரத்தின் சமதளத்தில், என்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்துச் செய்ய வேண்டும்.

இறக்கத்தில் கவலை குறைவு. கியரில் இறங்கும் வண்டியின் கிராங்க் வேகமாகச் சுழல்கிறது, பம்பும் வேகமாகத் தள்ளுகிறது, பிஸ்டனின் மேல் எரியும் வாயுவின் அடி இல்லை. சிவப்புக் கோட்டைத் தாண்டாதவரை, என்ஜின் பிரேக்கில் எழும் அலறலால் பேரிங்குக்கு எந்தக் கெடுதலும் கிடையாது. தொப்பூர்க் கணவாயில் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் உருட்டுகிறவர்கள் என்ஜினைக் காப்பாற்றுவதாகவும் சேர்த்து நினைத்துக்கொள்வது வீண்.

இதற்கு விலக்காக இருந்தவை டூ ஸ்ட்ரோக் வண்டிகள். அவற்றில் கிராங்க் அறை வழியாகவே பெட்ரோல் கலவை போவதால் ஆயில் தேங்கும் சேம்பர் கிடையாது. லிட்டருக்கு 20, 30 மில்லி என்று பெட்ரோலில் கலந்த ஆயில்தான் பேரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு எரிந்து போகும். ஆக்சிலரேட்டரை முழுவதும் மூடிவிட்டுக் கியரில் ஏற்காட்டிலிருந்து இறங்கினால், என்ஜின் வேகமாகச் சுற்றும், ஆனால் பெட்ரோல் வராததால் ஆயிலும் வராது. பாதி மலையில் பிஸ்டன் சீஸ் ஆகிப் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும் ஆபத்து இருந்தது. விவரம் தெரிந்தவர்கள் இறக்கத்தில் அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஆக்சிலரேட்டரை ஒரு முறுக்கு முறுக்கி விடுவார்கள்.

அந்த வண்டிகள் மறைந்துகொண்டிருக்கின்றன. ஏற்காடு அமைந்திருக்கும் சேவராயன் மலைக் கிராமங்களில் மிளகு மூட்டையும் காபிக்கொட்டையும் சுமக்கும் மொபெட்டுகளும் 2015-இல் வந்த டிவிஎஸ் எக்ஸ்எல் 100-க்குப் பிறகு ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறிவிட்டன. பெட்ரோல் போடும்போதெல்லாம் புது ஆயிலும் சேர்ந்தே போய்க்கொண்டிருந்த காலத்தில் ஆயில் மாற்றுவது என்ற வேலையே அவர்களுக்கு இருக்கவில்லை. இப்போது என்ஜினுக்குள் நிரந்தரமாகத் தங்கி, மலையேறும் ஒவ்வொரு முறையும் வெந்து தணியும் ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயில் இருக்கிறது. அதைக் குச்சி விட்டுப் பார்க்கவும் காலத்தில் மாற்றவும் வேண்டும் என்ற பழக்கம், பெட்ரோலில் ஆயில் கலந்தே பழகிய கைகளுக்கு இன்னும் முழுமையாக வந்துசேரவில்லை.